பிள்ளைப்பேறும் பெண் கூற்றும்

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் தாய்மை பாடப்படாத காலம் இல்லை. ஆயினும், கருவுற்ற பெண்ணும் மகவீன்ற பெண்ணும் தம் உடல் பட்டதைத் தாமே எடுத்துரைக்கும் இடங்கள் மிகச் சிலவே. தாய்மை குறித்த ஆய்வுகள் பலவும் மகப்பேற்றின் சிறப்பையும் தாயின் தியாகத்தையும் தொகுத்துரைப்பதோடு அமைந்துவிடுகின்றன. பிள்ளைப்பேறு யாருடைய கூற்றாக அமைகிறது என்னும் வினாவை முன்வைத்துச் சில பனுவல்களை இக்கட்டுரை நோக்குகிறது.

சொல் வளமும் கூற்று மரபும்

புனிறு என்னும் சொல் ஈன்றணிமையைக் குறிக்கும் என்பது தொல்காப்பிய உரியியல் தரும் பொருள். சூல், கடுஞ்சூல், புனிறு எனப் படிநிலைகளைப் பிரித்துரைக்கும் சொற்கள் மொழியில் இருந்தன. எனவே சொற்பஞ்சம் இம்மௌனத்திற்குக் காரணமன்று. யார் பேசலாம் என்னும் கூற்று மரபே காரணம் எனலாம்.

நற்றிணை 370ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. நெய்யும் ஐயவியும் விளங்கும் மனையில் மகனைப் பெற்றுக் கிடக்கிறாள் தலைவி. தலைவன் அவளை அணுகி, முதுபெண்டாகிவிட்டாய் என நகையாடுகிறான். அவள் முறுவலித்துக் கண்களைப் புதைத்துக்கொள்கிறாள். இவை அனைத்தையும் பாணனிடம் கூறுபவன் தலைவனே. அதுவும் அவளது ஊடல் நீடித்தபோது, பழைய இன்பத்தை நினைந்து கூறுகிறான். மகப்பேற்றறையின் புறக்காட்சி நுட்பமாகப் பதிவாகிறது. அங்குக் கிடந்தவள் எண்ணியது பதிவாகவில்லை.

புறநானூற்றில் பெண் பேசுகிறாள். பொன்முடியார் பாடலில் (புறம். 312) ஈன்று வளர்த்தல் தன் கடமை என்கிறாள் தாய். எனினும் அப்பேச்சு குடிக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளின் வரிசையில் ஒன்றாக நிற்கிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடலிலும் (புறம். 278), திருக்குறளின் 69ஆம் குறளிலும் ஈன்ற பொழுது, பின்னர் வரும் பேருவகையை அளக்கும் அளவுகோலாக மட்டுமே இடம்பெறுகிறது. பக்தி இலக்கியத்தில் நிலை மேலும் மாறுகிறது. திருவாசகத்தின் போற்றித் திருவகவல் கருப்பையில் திங்கள்தோறும் நேரும் இடர்களை வரிசைப்படுத்துகிறது. அவ்விடர்கள் பெரும்பாலும் கருவுக்கு நேர்வனவேயன்றிச் சுமந்தவளுக்கு நேர்வனவல்ல. பட்டினத்தாரின் இரங்கற்பாடல்களும் மகனின் குரலே.

விலக்காக அமைவது கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடல் (287). நீர் சுமந்து மலையேறும் மேகத்திற்கு, நடக்கவியலாது தளர்ந்து, புளிப்பின்மேல் வேட்கை கொண்ட நிறைசூல் மகளிரை அவர் உவமையாக்குகிறார். தோழி கார் வந்ததைச் சொல்லித் தலைவியை ஆற்றுவிப்பதே பாடலின் நோக்கம். எனினும் சுமையும் அசைவும் நாவின் விருப்பும் அந்த உவமையின் வழியே உள்நுழைந்துவிடுகின்றன. நேர்க்கூற்றில் இடம்பெறாத அனுபவம் உவமையில் இடம் கண்டது எனக் கொள்ளலாம். பெண்பாற் புலவர்களின் உவமைகளைத் தனியே தொகுத்து ஆராய வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

பாமாவின் சங்கதி

1994இல் வெளிவந்த பாமாவின் ‘சங்கதி’, பேறு பார்ப்பதில் கைதேர்ந்த பாட்டியைக் கதைசொல்லும் மரபின் நடுவில் நிறுத்துகிறது. புல்லறுக்கச் சென்ற இடத்திலேயே தனியளாய்ப் பிள்ளை பெற்று, கையிலிருந்த அரிவாளால் கொடியறுத்து, குழந்தையோடும் புற்கட்டோடும் வீடு திரும்பும் பெண்ணின் செய்தி அதில் வருகிறது. இதனைத் தலித் பெண்ணின் மனவலிமைக்குச் சான்றாகப் பாராட்டும் வாசிப்பு எளிது. ஆனால் அது போதுமானதன்று. நிறைமாதத்திலும் வேலைக்குச் செல்ல வைத்தது வறுமை. வலிமையை மட்டும் போற்றும் திறனாய்வு அக்கட்டாயத்தை மறைத்துவிடும். சங்ககாலத் தாயைக் கடமைக்குள் அடக்கியது போன்றே இத்தாயை வீரத்திற்குள் அடக்குவதாகவும் அது முடியும். பாமாவின் பேச்சுநடையோ வியப்பையும் துயரத்தையும் ஒருங்கே வைத்திருக்கிறது.

வங்க மொழியில் ராஸசுந்தரி தேவி 19ஆம் நூற்றாண்டிலேயே தம் தன்வரலாற்றில் 18 வயது முதல் 41 வயது வரை தொடர்ந்த பேறுகளையும் அவற்றால் உற்ற அயர்ச்சியையும் எழுதினார். தமிழில் அத்தகைய தன்மைக்கூற்று பெரிதும் அண்மைக்காலப் பெண்ணெழுத்தின் ஆக்கமே. பிள்ளைப்பேற்றின் தடம் பதிந்த உடலைப் பேசும் சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ (2000) தொகுப்பும் இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது.

தொகுக்கப்பட வேண்டியவை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. 100இல் 45 அளவுக்கு அறுவைவழி நிகழ்கின்றன. உயிர்காப்பில் இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின், பாட்டியும் மருத்துவச்சியும் வாய்மொழியாகக் கற்பித்த பேறுகாலக் கல்வியும் அதன் சொற்களும் அவர்தம் தலைமுறையோடு மறைந்து வருகின்றன. மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 2003இல் வெளியிட்ட ஆங்கில நூல், பேறுவலியை முடுக்கும் மருந்துகளைத் தமிழ்ப் பெண்கள் வலி, சக்தி என்னும் தம் சொற்களால் விளங்கிக்கொண்டதைப் பதிவு செய்தது. தாலாட்டையும் ஒப்பாரியையும் விரிவாகத் தொகுத்த தமிழியல், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இந்தப் பேச்சைப் போதிய அளவு தொகுக்கவில்லை.

முடிவுரை

பிள்ளைப்பேற்றைப் பேசும் பனுவல்களில் பொருளோடு கூற்றையும் ஆராய்தல் வேண்டும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், ஈன்றவள் எங்கே மௌனமாகிறாள் என்பன ஆய்வு வினாக்களாக வேண்டும். அதனோடு, மூத்த பெண்களிடமிருந்து பேறுகாலச் சொற்களையும் அனுபவ உரைகளையும் களப்பணி வழித் திரட்டுதல் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணியாகும். அவற்றைச் சொல்லவல்லோர் இன்னும் சிலர் இருக்கின்றனர்.