மெதுவாகப் போகத் தெரியாத மெஷின்

நிமிடத்துக்கு இத்தனை நூறு தையல் போடும் என்று அட்டைப்பெட்டியின் நெற்றியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து தைக்கிற யார் அந்த வேகத்தைக் கேட்டார்கள்? ஏற்றுமதி கம்பெனியில் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேகம்தான் சோறு. அவர் உட்காருவது பவர் மெஷின் முன்னால். நம் வீட்டில் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும், பையன் வாய்ப்பாட்டில் ஏழாம் வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்பான், பாப்பா வெட்டின துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மெஷினுக்கடியில் உட்கார்ந்திருப்பாள். இங்கே ஒரு மெஷின் எவ்வளவு மெதுவாகப் போகும், சொன்ன இடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கை எந்தப் பெட்டியிலும் போடுவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் தவணையில் வாங்கியது. கரண்டில் ஓடும் வெள்ளை மெஷின். கையில் தூக்கிப் போகலாம், ஜிக்ஜாக் அடிக்கும், காஜா போடும், ஊசியில் நூல் கோக்க ஒரு குட்டிக் கொக்கியும் வைத்திருக்கிறார்கள். மற்ற விவரமெல்லாம் கடைக்காரரே மனப்பாடமாக ஒப்பிப்பார். கம்பெனி பெயரை நான் எழுதப் போவதில்லை. சொல்லப் போகிற குறை இந்த வகை மெஷின்களில் பரவலாக இருப்பது. ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமில்லை.

நல்லதும் நிறையவே இருக்கிறது. ஊசிக்கு நேர் மேலே ஒரு எல்இடி விளக்கு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ராத்திரி தைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அடுத்தது, முன்பக்கத்துப் பெட்டியை இழுத்தால் கழன்று வந்துவிடும். ஒல்லியாக ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். பேண்டின் காலோ சட்டையின் கையோ அதில் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். எட்டாம் வகுப்பு வரை அரசு தருகிற நாலு செட் சீருடை, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருகிறது. என் மகன் படிப்பது நாலாம் வகுப்பு, உடம்பு இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு செட்டையும் அவனுக்குத் தகுந்தாற்போல் மடித்து அடித்து, வளரும்போது பிரித்துவிட உள்ளே துணி விட்டுவைப்பது எனக்குப் பிடித்த வேலை. பழைய மெஷினில் அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் போராடுகிற இடத்தில், இது ஒரு சுற்றில் முடித்துவிடுகிறது.

ஜிக்ஜாக்கும் அப்படித்தான். பிசிர் போகாமல் ஓரம் அடிக்க உத்திரமேரூர் கடைத்தெருவில் ஓவர்லாக் போடும் இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் பழைய பனியன்களை வெட்டிப் பாப்பாவுக்கு ஜட்டி தைத்தேன். நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும், ஜிக்ஜாக் துணியோடு சேர்ந்து நீள்கிறது. கடையில் வாங்கினால் என்ன விலை என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்குப் போட்டால் வீட்டில் யாருமே தைக்க மாட்டார்கள். தூளி கட்டின சேலை பாவாடையாகி, பாவாடை தலையணை உறையாகி, கடைசியில் மிதியடியாக வாசலுக்கு வரும் வரை ஒரு துணியைக் கூடவே வைத்துக்கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது எனக்கு டிவி சீரியலை விடப் பெரிசு.

இப்போது பெடலுக்கு வருகிறேன்.

பெருவிரலால் மெல்ல அழுத்தினால் ‘ம்ம்’ என்று முனகும். ஊசி அசையாது. கொஞ்சம் கூட்டினால் முனகலும் கூடும். இன்னும் ஒரு நெல்லளவு அழுத்தியதும், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி தாய்மாட்டைப் பார்த்து ஓடுகிற மாதிரி ஒரே பாய்ச்சல். காலை எடுப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்திருக்கும். நேராகத் தலையணை உறை அடிக்கும்போது இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிளவுஸ் கழுத்தின் வளைவில், ஒவ்வொரு தையலுக்கும் ஃபுட்டைத் தூக்கித் துணியை ஒரு இழை திருப்ப வேண்டிய இடத்தில், பத்துத் தையல் என்பது பாழ்.

மிக்சியில் இருக்கிற அதே ஜாதி மோட்டார்தான் இதற்குள்ளும். கார்பன் பிரஷ் வைத்தது, வேகமாகச் சுற்றுவதற்கென்றே பிறந்தது. பெடலின் வேலை அதற்குப் போகிற மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது மட்டும். நிற்கிற மெஷினை அசைக்கத்தான் பலம் அதிகம் வேண்டும். குறைத்துக் கொடுத்த மின்சாரத்தில் அந்தப் பலம் வராது, அதனால் முனகல். அசைகிற அளவுக்குக் கொடுத்துவிட்டால், சுற்ற ஆரம்பித்த பிறகு அவ்வளவு தேவைப்படாது; மிச்சமெல்லாம் வேகமாகிவிடும். ஜீன்ஸில் நாலு மடிப்பு சேருகிற இடத்திலும் இதே கதை: ஊசி திணறும், நாம் அழுத்துவோம், மடிப்பைத் தாண்டியதும் பாயும். விலை கூடின கம்ப்யூட்டர் மெஷின்களில், அச்சு என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற சர்க்யூட் உண்டு. அவை ஒவ்வொரு தையலாக ஊர்ந்து போகும். ஊசி மேலே நிற்க வேண்டுமா, துணிக்குள் குத்தியபடி நிற்க வேண்டுமா என்று சொல்லவும் பொத்தான் இருக்கிறது. அதற்குக் கொடுக்கிற பணத்தில் என்னுடையது மாதிரி இரண்டு மூன்று வாங்கலாம்.

போதாததற்கு எங்கள் பக்கத்து வோல்டேஜ். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் போட்ட பிறகு முனகல் நீளும், பாய்ச்சல் தள்ளிப் போகும். பகலில் கால் பழகி வைத்திருந்த கணக்கு ராத்திரியில் செல்லாது.

இது பட்டுக்குப் பேர்போன ஜில்லா என்பதால் விஷயம் இன்னும் முக்கியம். பருத்தியில் தப்பாக விழுந்த தையலைப் பிரித்துவிட்டு ஈரக்கையால் தேய்த்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். பட்டில் ஊசி போன வழி அப்படியே நிற்கும். ஜரிகையில் பிரித்தால் ஜரிகை இழையும் கூடவே கிளம்பி வரும். சேலையோடு சேர்த்து நெய்த பிளவுஸ் துணி ஒன்றே ஒன்று. கெடுத்தால் அதே கலரில் இன்னொன்றுக்கு எங்கே போவது? இன்று வரை ஒரு பட்டு பிளவுஸ்கூட இந்த வெள்ளை மெஷினில் ஏறவில்லை. என் நாத்தனார் கல்யாணப் பட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் அறுபதாம் கல்யாணப் பட்டு, எல்லாம் அத்தையின் கறுப்பு உஷாவில்தான் தைத்தேன்.

அத்தை கல்யாணமாகி வரும்போது சீரோடு வந்த மெஷின் அது. 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்த பெயர். எனக்கு அந்தப் பெயர் மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. கனம் தூக்க முடியாது, மிதியில் துரு, தோல் பெல்ட் வெயில் காலத்தில் தளர்ந்துபோகும். ஆனால் ஒரு மிதிக்கு நாலைந்து தையல்தான். அரை மிதி மிதித்தால் இரண்டு. உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்து லேசாகத் தடுத்தால் ஒன்று. பாப்பா கூப்பிட்டால் ஊசி துணிக்குள் இருக்கும்போதே நிறுத்தி, எழுந்து போய், வந்து விட்ட இடத்திலிருந்து மிதிக்கலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை.

பெடலில் நான் செய்து பார்க்காத வைத்தியமில்லை. அடியில் ரப்பர் துண்டு செருகினேன். உச்ச வேகம் குறைந்தது, ஆரம்பப் பாய்ச்சல் அப்படியே இருந்தது. உருப்படியாக ஒன்றே ஒன்று பலித்தது: பெடலைத் தொடும் முன் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் நம் பக்கமாகத் திருப்பி முதல் தையலைத் தொடங்கிவைத்தால் பாய்ச்சல் பாதி அடங்கும். ஆனால் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விட்டால் துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை வாங்கின மெஷினைக் காலால் மிதித்து ஓட்ட முடிந்ததன் பெரிய லாபமே, இரண்டு கையும் துணிக்குக் கிடைத்ததுதான். தவணை கட்டி வாங்கின புது மெஷினில் நான் அதற்கும் முந்தைய காலத்துக்குப் போய்விட்டேன்.

சிங்கர் என்றதும் காந்தி நினைவுக்கு வருகிறார். 1924இல் டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் முடித்துத் தேறிக்கொண்டிருந்தவரிடம், எல்லா இயந்திரத்துக்குமே நீங்கள் விரோதியா என்று ஒரு சாந்திநிகேதன் மாணவர் கேட்டார். அவர் ஜி. ராமச்சந்திரன், பிற்பாடு திண்டுக்கல் பக்கத்தில் மனைவி சௌந்தரம் அம்மாவோடு காந்திகிராமத்தை உண்டாக்கியவர். விலக்கு உண்டு என்று சொல்லி காந்தி எடுத்துக் காட்டியது தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். நிஜத்தில் சிங்கர் நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றியவர், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்தியவர். மனைவி மேல் இரக்கம் என்றால் எந்த மனைவி என்று கேட்க வேண்டியிருக்கும். ஆனாலும் காந்தி விலக்குக் கொடுத்த மெஷின் கையாலோ காலாலோ ஓட்டினது, மனுஷி போகிற வேகத்துக்குத் தானும் போனது.

பெடலைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது தரையில் கிடக்கிறது. குழந்தைக்கு அது ஒரு பொம்மை. ஊசிக்கடியில் என் விரல் இருக்கும்போது பாப்பா அதன் மேல் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எழுந்திருக்கும்போதெல்லாம், நூல் கோக்கும்போதெல்லாம், சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தச் சுவிட்சை மெஷினின் வலப்பக்கம் கீழே, துணி தொங்கி மறைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். மிதிமெஷினில் எழுந்திருக்கும்போது அத்தை செய்வது ஒன்றுதான்: சக்கரத்திலிருந்து பெல்ட்டைத் தள்ளிவிடுவார். அதன் பிறகு யார் மிதித்தாலும் ஊசி இறங்காது. விளக்கப் புத்தகத்தில் எச்சரிக்கை மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது, இங்கிலீஷிலும் இந்தியிலும். தமிழில் ஒரு வரி கிடையாது.

இவ்வளவு திட்டினாலும் மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் அத்தையின் முட்டி. இரண்டு வருஷமாக அவரால் மிதிக்க முடியவில்லை, அதை உத்தேசித்துத்தான் வாங்கியதே. முதலில் கிட்டேயே வரவில்லை. “இன்னாத்துக்கு இத்தினி அவசரம் இதுக்கு?” என்று தள்ளி நின்று பார்த்தார். மாசி மாதம் ஒரு மத்தியானம் நான் கொல்லையிலிருந்து வருவதற்குள், மாமாவின் கிழிந்த வேட்டியை நாலு பையாக அடித்துப் போட்டிருந்தார். பைக்கு வளைவு கிடையாது. நேராக ஓட்டம், திருப்பம், மறுபடி நேர். அத்தைக்கு அந்தப் பாய்ச்சல் பிடித்துவிட்டது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 கடைசியில் மஞ்சப்பையை அரசே மீண்டும் கையில் கொடுத்தது. அத்தை இப்போது தெருவுக்கே சப்ளை செய்கிறார், காசு வாங்குவதில்லை. “கால வச்சா போவுது, எடுத்தா நிக்குது, இதுல இன்னாம்மா கொறை?” என்று என்னைக் கேட்கிறார். முட்டி வலிக்கிறவருக்கும் காலில் பலம் இல்லாதவருக்கும் மோட்டார் ஆடம்பரமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுப்பதும் மோட்டார் பொருத்திய மெஷின்தான். மெதுவாகப் போகவில்லை என்ற என் புகாரை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆகவே பை, உறை, திரை, சீருடை, பாவாடை, பனியன் துணி இதெல்லாம் தைக்கப் போகிறீர்களா, முட்டியில் வலியா, தாராளமாக வாங்குங்கள். பிளவுஸ்தான் முக்கிய வேலை, அதிலும் பட்டு என்றால் மிதிமெஷினை எடைக்குப் போட்டுவிட்டு இதை வாங்காதீர்கள். எந்தக் கம்பெனி ஆனாலும் கடைக்குப் போகும்போது பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் வழவழப்பான மாதிரித் துணியில் சர்ரென்று ஓட்டிக் காட்டுவார், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஜீன்ஸை நாலாக மடித்து ஊசிக்கடியில் வைத்து, நீங்களே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் அழுத்தி, ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்திப் பாருங்கள். நின்றால் விலை பேசலாம்.