காதைப் பாருங்கள்

சாலைப் பயணத்தில் எடுத்த யானைப் படத்தை யாராவது நீட்டினால் என் கண் முதலில் போவது காதுக்கு. தந்தமும் தும்பிக்கையும் பிறகுதான். இரண்டு காதும் விரிந்து அசையாமல் நின்றால், அந்த யானை நம்மை எடைபோடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் படத்தில் பதிவாவது நம்முடைய வருகை மட்டுமே. ஆட்டத்தின் நடுவில் காது பிடிபட்டு, ஓரக் கிழிசலும் பின்பக்க நரம்பும் தெரிந்தால், அந்தப் படத்தை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வராது.

கடமானுக்கும் இதே கணக்கு. இரு காதும் நம் பக்கம் திரும்பிவிட்டால், அடுத்து முன்காலால் தரையை உதைக்கும், வால் எழும், ஓடிவிடும். ஒரு காது சாலைக்கும் ஒரு காது காட்டுக்குமாகப் பிரிந்திருக்கிறவரை அது தன் மேய்ச்சலில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அழுத்துகிறவரே நல்ல ஒளிப்படக்காரர்.

எங்கள் சிவகிரியில் வண்டியை எடுத்தால் மலை மேற்கே கூடவே வரும். வடக்கே சேத்தூர், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர். தெற்கே வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி. அடிவாரத்துத் தென்னைக்கும் வாழைக்கும் ஆனை இறங்கும் ஊர்கள் இவை. ஆகவே எங்கள் பக்கத்து வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு இந்தக் காதுப் பாடம் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. “காத ஆட்டிக்கிட்டு நிக்கான்னா பயமில்ல அண்ணாச்சி. ஆட்டம் நின்னுட்டா நான் வண்டியப் பின்னுக்கு எடுத்துருவேன்” என்றார் ஒருவர். கேமரா தொடாத அந்த மனிதருக்கு எப்போது அழுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஆசான், காட்டுயிர்களை எழுதியும் படமெடுத்தும் வந்த மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி. 1950-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். எழுத்தைக் கொண்டாடுகிறவர்கள் படத்தைப் பின்தள்ளிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. அவர் எடுத்தது எல்லாமே கறுப்பு வெள்ளை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடலில் இன்னொன்றின் லென்ஸைப் பொருத்தித் தானே சேர்த்துக்கொண்ட கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை 1959 முதல் 1970 வரை ஊர் ஊராகக் காடு காடாகப் பார்த்து அவர் எழுதிய ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக்கியது. அந்த உழைப்பு முழுவதும் அவருடைய படங்களுக்குள் இருக்கிறது.

முதுமலையில் அவர், பழக்கிய கும்கி யானையின் மேல் ஏறிக் காட்டு யானைகளுக்கு அருகே போவார். மேலே உட்கார்ந்திருக்கும் மனிதரைக் காட்டு யானைகள் தனியாக மதிப்பதில்லை. இன்னொரு யானை வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் அவர் படங்களில் யானைகள் தம் வேலையில் இருக்கின்றன. குட்டி தாயின் காலிடுக்கில் நிற்கும், கிழவி மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாள், மூங்கில் பின்னால் வளைந்திருக்கும். யானை நிற்கும் நிலம் எது, அங்கே என்ன வளர்கிறது, வெயில் எந்தப் பக்கம் என்று எல்லாம் படத்திலேயே இருக்கும்.

நமக்குக் கார்தான் கும்கி. கதவு திறக்காதவரை, இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே இருக்கிறவரை, மானும் காட்டுமாடும் அதை ஒரு பொருளாகவே ஏற்றுக்கொள்கின்றன. ஒரு கால் தரையில் பட்டதும் மனித உருவம் பிரிந்து தெரிகிறது; எல்லாக் காதும் திரும்புகின்றன. இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் பாசிப்பயறு நிரப்பிய துணிப்பையை வைத்து லென்ஸை அதன்மேல் கிடத்தினால் முக்காலி தேவையில்லை. வண்டியை நிறுத்தக் கூடாத காட்டுச் சாலைகளில் நிறுத்தக் கூடாது. அங்கே கிடைக்காத படம் கிடைக்காத படமாகவே போகட்டும்.

என்னோடு வாதிடும் நண்பர்கள் பலர். அவர்களுக்குப் பின்னணி வெண்ணெயாக உருகியிருக்க வேண்டும், விலங்கின் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி மின்ன வேண்டும், சட்டத்தை முகமே நிறைக்க வேண்டும். 600 மில்லிமீட்டர் லென்ஸின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அப்படி எடுத்த சிறுத்தை கபினியிலா, கூண்டிலா என்று எப்படிச் சொல்வது? மலைச்சரிவில் விரற்கடை அளவே தெரியும் வரையாட்டுக் கூட்டம் எனக்கு மேலானது. பாறையின் சரிவு இல்லாமல் வரையாட்டின் குளம்புக்கு என்ன பெருமை?

வண்ணம் பற்றியும் சண்டை உண்டு. காட்டுமாட்டைக் கறுப்பு வெள்ளையில் பார்க்காதவர்கள் அதன் தோள்திமிலின் மினுமினுப்பைப் பார்க்காதவர்கள் என்றே சொல்வேன். அந்தக் கரிய உடம்பு சட்டத்தை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து, அதைச் சாம்பலாக வெளுத்துவிடும். ஒரு ஸ்டாப் குறைத்தால்தான் கறுப்பு கறுப்பாக நிற்கும், முழங்காலுக்குக் கீழுள்ள வெள்ளையும் பொங்காது.

எங்கள் பக்கத்தின் சொத்து சாம்பல் நிற அணில். திருவில்லிபுத்தூரில் அதற்கென்றே 1988-இல் சரணாலயம் வந்தது. செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் மாமரமும் புளியமரமும் அடர்ந்த இடத்தில் பொறுமையாக அண்ணாந்து பார்த்தால், முதலில் தெரிவது கிளைக்குக் கீழே தொங்கும் வால். சந்தேகம் வந்தால் கிளையோடு ஒட்டிப் படுத்துவிடும். அப்போதும் வால் காட்டிக்கொடுக்கும். எதிர்வெயிலில் அந்த நரைமயிரின் ஓரம் ஒளிரும்போது எடுக்க வேண்டும். வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை. 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் புலியைத்தான் கேட்கிறார்கள். மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியே வாழும் இந்த ஜீவனுக்கு, சாலையகலத்துக்காக ஒரு வரிசை மரம் வெட்டப்பட்டால் பாதையே அறுந்துபோகும். அணிலைக் கேட்டு வருகிறவர் குறைந்தால் அந்த மரங்களுக்காகப் பேசுகிறவரும் குறைவார்.

படங்களின் தரம் இறங்கிவிட்டது என்று நான் சொல்ல என் வயது காரணமில்லை. வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குப் போய்ப் பாருங்கள். வரையாடு சாலையோரத்துக்கே வரும் அரிய இடம் அது. அங்கே வண்டியிலிருந்து இறங்கிச் சிப்ஸை நீட்டி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். கொம்பைப் பிடித்துப் படமெடுத்து வழக்கில் சிக்கியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட படத்தில் ஆட்டின் காது தளர்ந்துதான் இருக்கும். என் அளவுகோல் பொய்த்துவிட்டதே என்று ஒரு நண்பர் மடக்கினார். ஆட்டின் கண்ணைப் பாருங்கள் என்றேன். அது மலையையும் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்க்கிறது.

120 பிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டுதான். பன்னிரண்டு இருந்தவர்கள் காத்திருந்தார்கள். இன்று ஒரு நொடிக்கு இருபது படம் பொழியும் கேமராவில் எந்தக் கணம் சரியென்று எடுக்கும்போது முடிவுசெய்வதில்லை. வீட்டுக்கு வந்து பொறுக்குகிறார்கள். அதிலும் ஒன்று நன்றாக அமையும், மறுக்கவில்லை. எடுத்தவர் அந்த விலங்கைப் பார்த்தாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். இப்போது செயற்கை நுண்ணறிவு செய்துதரும் யானைகளும் வாட்ஸ்அப்பில் உலவுகின்றன. ஆப்பிரிக்க யானையின் பெரிய காதோடு ஒன்று முதுமலையில் நிற்கிறது, கீழே நூறு பாராட்டு.

இவற்றுக்கெல்லாம் மாற்றாக எனக்கு ஓர் ஆசை உண்டு. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்களை அவர் பிறந்த திருநெல்வேலியிலேயே ஒரு கூடத்தில், கைப்பேசித் திரை அளவில் இல்லாமல் ஆளுயரத்துக்கு அச்சிட்டு மாட்ட வேண்டும். முதல் சுவர் யானைகளுக்கு, அடுத்தது காட்டுமாட்டுக்கு. சிவகிரிப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகும் வேன் செலவு என்னுடையது.