புதுப்பித்தலும் உயிர்நிலையும்

'தீஃப்' என்னும் கணினி விளையாட்டு, 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்றது. வாட்போர் அன்று, இருளில் மறைதலும் காலடியோசையை அடக்குதலுமே அதன் உயிர்.

கனடாவின் ஐடோஸ் மாண்ட்ரியால் நிறுவனம் அதனைப் புதுப்பித்து 2014-இல் வெளியிட முனைந்தபோது, சுவைஞர் உள்ளம் இருபாற்பட்டது. புதிய ஒளியழகை எதிர்நோக்கினோர் உளர். நாயகன் காரெட்டுக்குக் குரல் தந்த ஸ்டீபன் ரஸ்ஸல் மாற்றப்பட்டமைக்கு வருந்தினோரும் உளர். சுவைஞர் கண்டனத்துக்குச் செவிசாய்த்து, அனுபவப் புள்ளி முறையை வெளியீட்டுக்கு முன்னரே ஆக்கியோர் கைவிட்டனர், இது பாராட்டத்தக்கது. ஆயினும், முன்னர் மரப்பரப்பெங்கும் தைத்த கயிற்றம்பு, இப்போது குறித்த இடங்களில் மட்டுமே பயன்படுமாறு சுருங்கிற்று. இழந்தது கருவியன்று, வழியைத் தானே தேரும் உரிமை.

பழையதைப் புதுக்குவோர் பெயரைக் காத்தல் மட்டும் போதாது. அதன் உயிர்நிலை யாதென அறிதல் வேண்டும். அவ்வகையில், ஐயுற்றோர் அச்சம் பொருளற்றதன்று.