பரிந்துபேசலும் நீதியும்: எபிரேய மறைநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

பழைய ஏற்பாடு தண்டிக்கும் கடவுளையும் புதிய ஏற்பாடு இரங்கும் கடவுளையும் காட்டுவன என்னும் கருத்து எம்மிடையே பரவலாக நிலவுகின்றது. எபிரேய மறைநூல்களில் மனிதர் பிறருக்காகப் பரிந்துபேசும் பகுதிகளை நுணுகி நோக்கின், இப்பாகுபாடு பொருந்தாமை புலனாகும். அங்கு நீதியும் இரக்கமும் ஒரே உரையாடலினுள் மோதுகின்றன.

ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோமுக்காக வழக்காடுகின்றான். நீதிமான்களைத் தீயோருடன் சேர்த்தழித்தல் உலகனைத்துக்கும் நீதிபதியானவருக்குத் தகுமோ என்பது அவனது வினா. ஆயின், அவன் கோருவது நீதிமான்களின் விடுதலையை மட்டுமன்று. அவர்கள் பொருட்டு நகர் முழுவதும் பிழைக்கவேண்டும் என்கின்றான். 50 பேரில் தொடங்கி 10 பேர்வரை இறங்கும் இவ்வழக்கில், நீதியின் தருக்கமே இரக்கத்துக்கு வாயிலாகின்றது.

எனினும், ஒரு சாரார் இவ்வழக்கில் இடம்பெறவேயில்லை. சோதோமைப் பற்றி எழுந்த கூக்குரலே விசாரணைக்குக் காரணமாயிற்று. அதனைக் குறிக்கும் 'செஆகா' என்னும் சொல்லையே, எகிப்தில் அடிமைப்பட்டோர் எழுப்பிய ஓலத்துக்கும் யாத்திராகமம் ஆள்கின்றது. நீதியைக் குறிக்கும் 'செதாகா' இதனோடு ஒலியொப்புமை உடையது. ஏசாயா 5ஆம் அதிகாரம் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. வளத்தில் திளைத்த சோதோம் ஏழைகளுக்குக் கைகொடுக்கவில்லை என்பது எசேக்கியேலின் குற்றச்சாட்டு. கூக்குரலிட்டோர் பற்றி ஆபிரகாம் வாய்திறக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

தீர்க்கதரிசிகளிடத்து இந்நிலை மாறுகின்றது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், ஏழைகள் ஒரு சோடி பாதரட்சைக்கு விற்கப்படுவதைக் கண்டித்த ஆமோஸ், அம்மக்களுக்காகவே இருமுறை மன்றாடுகின்றான். வெட்டுக்கிளியும் தீயும் விலக்கப்படுகின்றன. மூன்றாங் காட்சியில் மன்றாட்டு இல்லை. அதனையடுத்து, பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா அவனை நாட்டைவிட்டு ஓடுமாறு பணிக்கும் நிகழ்ச்சி வைக்கப்பட்டுள்ளது. கண்டனக் குரலை அரச ஆலயம் அடக்குமிடத்துப் பரிந்துரைக்கும் இடமில்லாது போகின்றது என இவ்வைப்புமுறையை விளங்கிக்கொள்ளலாம். எரேமியா 7ஆம் அதிகாரமும் இதற்கு அரண் செய்கின்றது. அந்நியரையும் திக்கற்றோரையும் விதவைகளையும் ஒடுக்குவோர் ஆலயத்தைப் புகலிடமாகக் கொள்வதைச் சாடிய பேருரையை அடுத்தே, மக்களுக்காக மன்றாடவேண்டாம் என்னும் தடை அவனுக்கு விதிக்கப்படுகின்றது.

எனவே, எபிரேய மரபில் பரிந்துபேசல் நீதியைத் தளர்த்தும் சலுகையன்று. ஒடுக்குமுறை தொடர்கையில் ஒடுக்குவோருக்குக் காட்டும் இரக்கம், ஒடுக்கப்பட்டோருக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகிவிடும். மன்னிப்பை வேண்டுவோர், முதலிற் கூக்குரலிட்டவர் யாவர் என வினவுதல் வேண்டும்.