விழுவதும் ஒரு வித்தை

1943-ல் வெளிவந்த ‘ஸுகாடா ஸான்ஷிரோ’ அகிரா குரோசாவா டைரக்ட் செய்த முதல் படம். டோமிடா ட்ஸுனேயோ எழுதிய நாவலைத் தழுவியது. பழைய ஜூஜுத்ஸு பள்ளிகளுக்கும் புதிதாய்த் தோன்றிய ஜூடோவுக்கும் இடையே இருந்த போட்டிதான் கதை. முதல் படத்திலேயே இவ்வளவு தேர்ச்சியா என்று வியக்கத் தோன்றுகிறது. ஆயினும், அந்த வித்தையின் முக்கியமான விஷயம் ஒன்றைப் படம் சொல்லாமலே விட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

தெருச் சண்டையில் இறங்கிய ஸான்ஷிரோவை ஆசிரியர் யானோ கண்டிக்கிறார். அவன் குளத்தில் குதித்து, இரவெல்லாம் ஒரு கட்டையைப் பற்றிக்கொண்டு கிடக்கிறான். தாமரை மலர்ந்திருப்பதைப் பார்த்ததும் ஞானம் பிறக்கிறது. அழகான காட்சிதான். மனம் ஓர் இரவில் பக்குவப்படலாம். முழங்காலும் முதுகெலும்பும் அப்படிப் பக்குவப்படுவதில்லை.

யானோ பாத்திரத்துக்கு மூலம் காநோ ஜிகோரோ. இரண்டு ஜூஜுத்ஸு மரபுகளைக் கற்ற அவர், 1882-ல் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் இடத்தில் கொடோகானை ஆரம்பித்தார். அபாயமான அடிகளையும் முறுக்குகளையும், பொருதிப் பழகும் பயிற்சியிலிருந்து விலக்கினார். வீழ்த்துவதற்கு முன் விழக் கற்றுக்கொடுத்தார்: மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை அறைந்து, அதிர்ச்சியை உடலெங்கும் பரவவிட்டு விழுவது. பூட்டு இறுகினால் இரண்டு தடவை தட்டினால் போதும்; பிடித்தவன் விட்டுவிட வேண்டும். மூட்டுப் பூட்டுக்களில் ஜூடோ போட்டிகள் இன்றும் முழங்கைக்கு மட்டுமே இடம் கொடுக்கின்றன. முழங்காலை முறுக்கினால், வலி சரியாகத் தெரிவதற்குள் மூட்டைக் கட்டியிருக்கும் நார் கிழிந்துவிடக்கூடும்.

இந்தப் பாடம் படத்தில் இல்லை. மொன்மா சுவரில் மோதிச் சாகிறார். வயதான முராய் விழுந்து விழுந்து எழுகிறார். அதை வீரமென்று நாம் நம்பும்படி செய்துவிடுகிறார் குரோசாவா. பயிற்சிக்கூடத்தில் அந்தப் புத்தி உதவாது. தட்ட வேண்டிய சமயத்தில் பல்லைக் கடித்துக்கொள்ளும் இளைஞன், ஒரு நிமிஷ மானத்துக்காக முப்பது வருஷப் பழக்கத்தை விற்றுவிடுகிறான். சோர்ந்த தசை இரண்டு நாளில் தேறும். கிழிந்த நார் அவ்வளவு சுலபமாகத் தேறாது. தட்டியபின் விடாதவனோடும், தட்டுவதற்கே அவகாசம் தராதவனோடும் பழகாமலிருப்பது கோழைத்தனம் அல்ல.

காற்றில் புல் புரளும் கடைசிச் சண்டையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு, தன்னால் அடிபட்ட முராயின் வீட்டில் ஸான்ஷிரோ உட்கார்ந்திருக்கும் காட்சிதான் பெரிதாகப் படுகிறது. தானும் பிறனும் சேர்ந்து நலம் பெறுவதே பயிற்சியின் நோக்கம் என்று போதித்தவர் காநோ. 1938-ல், எழுபத்தேழாவது வயதில், கெய்ரோவில் ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது கப்பலில் இறந்தார். அந்த வயதுவரை ஓயாமல் உழைத்த தேகத்தின் கதையைப் படமாக்க யாராவது முன்வந்தால், முராயின் வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.