சல்லியகரணி: பெயரா, வேலையா?

காந்திகிராமத்துக்கு அருகே உயர்ந்து நிற்கும் சிறுமலையை, அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று அப்பகுதி மக்கள் சொல்வதுண்டு. அந்தக் கதையோடு ஒட்டிய நான்கு மருந்துச் சொற்கள் தமிழ் அகராதிகளில் உள்ளன. சல்லியகரணி படைக்கலம் தைத்த புண்ணுக்கு. சந்தானகரணி துண்டான உறுப்பைப் பொருத்த. சமனியகரணி புண்ணை ஆற்றி மேனியைச் சமன்செய்ய. மிருதசஞ்சீவினி இறந்தவரை எழுப்ப. இன்றைய மருந்துச் சீட்டில் இவற்றுக்கு இடமில்லை.

இவற்றை மூலிகைப் பெயர்களாக எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 'கரணி' என்றால் செய்வது. வான்மீகி இராமாயணத்தில் உள்ள வடிவம் 'விசல்யகரணி'. சல்லியம் என்பது உடலில் தைத்த முள் அல்லது அம்புமுனை. அதை இல்லாமல் செய்வது விசல்யகரணி. தமிழுக்கு வந்தபோது 'வி' உதிர்ந்துவிட்டது. மிஞ்சிய சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டால் அம்புமுனையை உண்டாக்கும் மருந்து என்றாகிறது! கம்பருக்கு இந்தச் சிக்கல் இல்லை. மருத்துமலைப் படலத்தில் சாம்பவன் நான்கு மருந்துகளையும் அவை செய்யும் வேலையால் மட்டுமே சொல்கிறான்.

சொற்களைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. முனையை எடு, பிளந்ததைச் சேர், தோலைச் சீராக்கு என்பது அறுவை மருத்துவத்தின் முறை. சுசுருத சங்கிதையும் புண்ணைத் தூய்மையாக்குவதைச் சோதனம் என்றும் ஆற்றுவதை ரோபணம் என்றும் பிரிக்கிறது. உள்ளே அழுக்கு இருக்க மேல்தோல் மூடினால் சீழ்தான் கட்டும். பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாட்டில் வீரர் புண்ணை மூடுவது மூலிகை அல்ல, நெடிய வெள்ளூசி.

மலையடிவாரத்து வரப்புகளில் காணும் வெட்டுக்காயப் பூண்டும் வேலையால் பெயர் பெற்றதே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை அது. இலையைக் கசக்கிச் சாற்றைக் காயத்தில் விடுவார்கள். (ஆழமான காயத்துக்கு அது போதாது, டெட்டனஸ் ஊசி வேண்டும்.) ஆனால் இச்சொல்லைக் கேட்ட சிறுவன் செடியைப் பிடுங்கி வந்து காட்டிவிடுவான். புண்ணுக்குப் பூசும் மத்தன் தைலத்தின் பெயரிலேயே ஊமத்தை இருக்கிறது. காந்திகிராமத்து லட்சுமி சேவா சங்கம் போலச் சித்த மருந்து செய்யும் எவருக்கும் வேண்டியது இத்தகைய பெயர்தான். சல்லியகரணி என்று எழுதி எந்த இலையையும் கொள்முதல் செய்ய முடியாது.

இலை, பூ, வேர் எதையும் சொல்லாத ஒரு பெயருக்கு இன்று தாவரவியல் பெயர் சூட்டுவது ஆராய்ச்சி ஆகாது. அகராதியில் அதற்கு நேர் விளக்கம், 'தைத்த முனையை நீக்குவதாகக் கருதப்பட்ட மருந்து' என்பதே.