எளிய உயிர்களின் ஆடி: நூலும் தீர்ப்பும்

ஒரு நூலின் கருத்து இதுவெனத் துணிதற்கு, அதன் தொடக்கமும் முடிவும் ஒருங்கு நோக்கி, இடையில் வரும் தொடர்களை அவற்றோடு இயைத்துப் பொருள் காண்டல் வேண்டும் என்பது நூலாராய்ச்சி வல்லார் அனைவர்க்கும் உடன்பாடு. இம்முறை பிறழ்ந்தவழி விளையுங் கேடு ஏட்டளவில் நின்றொழியுமெனக் கருதற்க. உயிரைக் கொள்ளுமளவிற்கு அது செல்லுதலும் உண்டு. 1310-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், பாரிசு மாநகரில் கிரேவ் என்னும் வெளியிடத்தே எரியூட்டப்பட்ட மார்கரீத் பொரேத் என்னும் அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவர் இயற்றிய 'எளிய உயிர்களின் ஆடி' என்னும் நூலையும், அதன்மேற் கூறப்பட்ட தீர்ப்பையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்வம்மையார் பெகீன் என்னும் மகளிர் வகுப்பைச் சார்ந்தவர். அவ்வகுப்பினர் வாழ்நாள் முழுதும் பிணிக்கும் மடத்து நோன்பு பூணாது, செபத்தானும் கைத்தொழிலானும் வாழ்ந்தவராவர். அம்மையார் தம் நூலைக் கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாது, தாம் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். கம்பிரே நகரத்து மேற்றிராணியார் அதனைக் குற்றமுடையதெனக் கண்டு, வலான்சியேன் நகரில் அம்மையார் முன்னிலையிலேயே எரிப்பித்து, இனி அதனை வழங்கலாகாதெனத் தடை விதித்தார். அம்மையார் அத்தடைக்கு அடங்கினாரல்லர். பின்னர்ப் பாரிசிற் சிறைவைக்கப்பட்டபோது, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டளவும் உறுதிமொழி கூறவும் வினாக்கட்கு விடையளிக்கவும் மறுத்து வாய்வாளாதிருந்தார். விசாரணைத் தலைவராகிய கியோம் என்பார் அந்நூலினின்று பதினைந்து வாக்கியங்களைப் பிரித்தெடுத்து, இறைநூற் புலவர் இருபத்தொருவர் முன் வைத்தார். அவரனைவரும் ஒருமுகமாக அவை கொள்ளத்தகாதனவென்றனர்.

பதினைந்தனுள் முதலதும் ஈற்றதும் விசாரணைக் குறிப்பிற் காணப்படுகின்றன. பிறிதொன்றை அக்காலத்து வரலாறெழுதிய துறவியார் ஒருவர் குறித்துள்ளார். இம்மூன்றையும் நூலோடு வைத்து நோக்குவாம்.

நூலின் யாப்பாவது, அன்பு, அறிவு, உயிர் என்பன தம்முள் உரையாடும் முறையிற் செல்வது. தொடக்கத்தே ஒரு கதை வருகின்றது. அலெக்சாந்தர் மன்னன் புகழைக் கேட்ட அரசிளங்குமரியொருத்தி, அவனைக் காணவியலாமையால், தான் கேட்டவாறே ஓர் உருவம் எழுதுவித்து அதனை நோக்கி ஆறுதலுற்றாள். காணாத இறைவனுக்கு இந்நூல் அத்தகைய உருவமாம் என்பது கருத்து. பின்னர் ஏழு நிலைகள் கூறப்படுகின்றன. முதல் நிலை இறைவன் கட்டளைக்கு அடங்கி நிற்றல். இரண்டாவது அதனினும் மேற்பட்ட துறவொழுக்கம். மூன்றாவது, தான் விரும்பிச் செய்யும் நற்செயல்களின்மேல் எழும் பற்றையும் விடுதல். நான்காவது தியான இன்பத்தில் திளைத்து, இதற்குமேல் ஒன்றில்லையென மயங்குதல். ஐந்தாவது தன் இன்மையுணர்ந்து தன் விருப்பத்தை இறைவற்கே மீள ஒப்புவித்தல். ஆறாவது தன்னைக் காணாது இறைவனே அவ்வுயிரிடத்துத் தன்னைக் காண நிற்றல். ஏழாவது உடல் நீங்கியபின் எய்துவது.

இனி முதல் வாக்கியம், அழிந்த உயிர் நற்குணங்களிடம் விடைபெற்று அவற்றின் பணியினின்றும் நீங்கும் என்பது. இதனைத் தனித்து நோக்குவார்க்கு, ஒழுக்கம் வேண்டாவென்றதாகவே தோன்றும். நூலிலோ, அவ்வுயிர் முன்னர் நற்குணங்கட்கு அடிமையாயிருந்ததென்றும், பின்னர் அவை அவ்வுயிர்க்கு ஏவல் செய்து பிரியாது உடனிருக்குமென்றும் விளக்கப்படுகின்றது. ஆகவே நீங்கியது அடிமைத்தன்மையேயன்றிக் குணமன்று. நீந்தக் கற்பான் ஒருவன் கைகால்களை எண்ணியெண்ணி வீசுகின்றான்; கற்று முடித்தான் எண்ணாமலே வீசுகின்றான். எண்ணம் ஒழிந்தமையால் வீச்சும் ஒழிந்ததென்பார் உளரோ?

வரலாற்றாசிரியர் குறித்த வாக்கியம், அத்தகைய உயிர் இயற்கை வேண்டுவன எல்லாவற்றையும் மனச்சான்று உறுத்தாதவாறு கொடுக்கலாம் என்பது. முன்னையதினும் இஃது அச்சந் தருவதே. ஆயின் அவ்விடத்திலேயே அம்மையார், அந்நிலையிலுள்ளாரது இயற்கை திருந்தியமைந்தமையால் விலக்கப்பட்ட எதனையும் அது வேண்டாதென்று வரையறுத்துள்ளார். வரையறையை விட்டு விதியை மட்டும் எடுத்தல் நடுநிலையாகாது.

ஈற்று வாக்கியம், அவ்வுயிர் இறைவன் தரும் ஆறுதல்களையும் கொடைகளையும் பொருட்படுத்தாது என்பது. இறைவனை இகழ்ந்தவாறன்றோ எனின், அற்றன்று. நான்காம் நிலையின் இன்ப மயக்கத்தை அம்மையார் கடிந்தமை மேலே காட்டினாம். கொடையிற் கருத்தூன்றியவழிக் கொடுப்போனிடத்துக் கருத்துக் குறையுமென்பதே அவர் கொள்கை. ஆகலின் இஃது ஏழு நிலைகளின் ஒழுங்கினின்று இயல்பாகப் பெறப்படுவதோர் முடிபேயாம்.

அங்ஙனமாயின் நூல் முற்றும் குற்றமற்றதோ எனின், அதுவும் கூறலாகாது. அறிவின்வழி நிற்குந் திருச்சபையைச் சிறிய சபையென்றும், அன்பின்வழி நிற்கும் உயிர்களின் கூட்டத்தைப் பெரிய சபையென்றும் அம்மையார் வகுத்தார். பெரிய சபையாரை அளந்தறிவார் யாவர்? அவ்வுயிர்களை அறிவு அறியாதென்று நூலே கூறுதலின், புறத்தே நிற்பார் மெய்யுணர்ந்தாரையும் பொய்யுரைப்பாரையும் பிரித்தறிதற்கு அளவை அதன்கண் இல்லை. திருச்சபையார் கொண்ட அச்சத்திற்கு இதுவே உண்மையான காரணம்; அவர் பிரித்தெடுத்த வாக்கியங்களோ அதனைக் காட்டவில்லை.

இந்நூலை முன்னரே பார்வையிட்டு ஒப்பியவர் மூவர். அவருள் பாரிசுக் கழகத்துப் பேராசிரியராகிய கோத்பிரே என்பார் சிறந்தவர். நூலைப் பலர் காணவேண்டாவென்னும் அறிவுரையும் அவ்வொப்புதலோடு சேர்ந்தே வந்தது. நூலின் மெய்ம்மை வேறு, அதனைக் கற்றற்குரியாரின் தகுதி வேறு என்று இவ்வாறு பகுத்தறிந்ததே தக்க நெறி.

அம்மையாரின் கருத்துப் பின்வந்தார்பாற் சென்றவாற்றை இனி நோக்குவாம். 1311 முதல் 1312 வரை கூடிய வியென் நகரச் சங்கம் பெகீன் மகளிர்மேல் எண்வகைப் பிழைகளைச் சாற்றிற்று. நற்குணங்களிடம் விடைபெறுதல் அவற்றுள் ஒன்று. 1311 முதல் 1313 வரை பாரிசிற் கற்பித்த எக்கார்ட் என்னும் செருமானிய அறிஞர், ஏழ்மையைப்பற்றிய தம் சொற்பொழிவொன்றில், இறைவன் விருப்பத்தைச் செய்யவேண்டுமென்னும் விருப்பமும் அற்றவனே மெய்யான ஏழையென்றார். இஃது 'ஆடி' நூலின் கருத்தோடு மிக நெருங்கியது. ஆயினும் அவர் அம்மையாரின் பெயரை யாண்டுங் கூறாமையின், கருத்தொப்புமையை வைத்தே இத்தொடர்பு கொள்ளப்படுகின்றது. அதனை ஐயமற்ற முடிபெனக் கூறும் இக்காலத்தார் சான்றின் அளவைக் கடந்தவராவர். எக்கார்ட்டின் நூல்களினின்றும் இருபத்தெட்டு வாக்கியங்கள் பிரித்தெடுக்கப்பட்டு 1329-இற் கண்டிக்கப்பட்டன. அதே முறை, அதே முடிவு.

எரிக்கப்பட்ட நூல் அழிந்ததில்லை. ஆசிரியர் பெயரின்றி இலத்தீன், இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிற் சென்று மடங்களிலே ஓதப்பட்டது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பாளர், பிறழவுணரத்தகும் இடங்களைத் தெரிந்து பதினைந்து குறிப்புரைகள் சேர்த்தார். பதினைந்து வாக்கியம் பிரித்தார் நூலை எரித்தனர். பதினைந்து உரை சேர்த்தார் நூலைக் காத்தனர். 1927-இல் அவ்வாங்கில நூல் கத்தோலிக்க மேலோரின் இசைவோடு அச்சேறிற்று. 1946-இல் ரொமானா குவார்னியேரி என்னும் அம்மையார், இஃது எரியூட்டப்பட்ட மார்கரீத் இயற்றியதேயென உலகிற்கு விளக்கினார்.

பெயரறியாதவழிப் போற்றப்பட்டதும், பெயரறிந்தவழி எரிக்கப்பட்டதும் ஒரே நூல். இன்று அவ்வம்மையாரைத் திருச்சபைக்கு மாறுபட்ட வீரப் பெண்மணியென்று மட்டும் கொண்டாடுவாரும், தமக்கு வேண்டிய ஓரிரு வாக்கியங்களையே எடுத்து ஏனையவற்றை விடுவராயின், அவ்விருபத்தொருவர் செய்ததனையே மறுதலையாகச் செய்தவராவர். அவர்க்கு நாம் செய்யத்தக்க நீதி ஒன்றே: நூலை முதலிலிருந்து முடிவுவரை படித்தல்.